களாச் சோறும் பதினான்காவது கேள்வியும்

என் மூக்குக்குச் சம்பளம் உண்டு. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஓர் உணவுக் கம்பெனி இருக்கிறது. அதன் பரிசோதனைக் கூடத்தில் நான் முகர்வுப் பரிசோதகர். முழுப் பெயர் இசக்கியம்மாள், கூடத்தில் இசக்கி. சோறு, பால், மீன், குழம்பு என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அது கெட்டுவிட்டதா, கெடப் போகிறதா, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முகர்ந்து சொல்வேன். இதே வேலைக்கு மூன்று இயந்திரங்களும் இருக்கின்றன. மூன்றும் என்னிடம் தோற்றவை. 2038க்குப் பிறகு வந்த சட்டப்படி, மனித மூக்கு ஒன்று முகர்ந்து கையெழுத்துப் போடாமல் சமைத்த உணவு எதுவும் பொட்டலமாக வெளியே போகக் கூடாது. எங்கள் கம்பெனியில் அந்தக் கையெழுத்து என்னுடையது.

உப்பளத்தில் வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு மூக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் ஹெப்சிபா அடிக்கடி கேட்பார். "உப்புல என்ன வாசம் மேடம் இருக்கு? அதான் மூக்கு தேயாம அப்படியே இருந்துட்டு" என்பேன்.

2038ஆம் வருஷக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் வடித்த சோறு மதியத்துக்குள் ஊசிப்போன கோடை. விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் ஹெப்சிபாவின் களாக்காயைக் கம்பெனி கண்டுகொண்டது. அவர் நாசரேத்துக்காரர், ஐம்பது வயது, கோபம் வந்தால் பேசாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். தேரிக்காட்டுச் செம்மணலில் முள்ளோடு முள்ளாகக் காய்த்து ஆடு மட்டும் தேடிப் போகிற அந்தக் காயில் என்னவோ இருக்கிறது என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அது என்ன என்று அவரிடமே கேட்டேன்.

"களா கிருமியக் கொல்லாது, இசக்கி. கொன்னா அது பழகிக்கிட்டு வேற மாதிரி திரும்ப வரும். களா அதுக காதை அடைச்சிரும், அவ்வளவுதான்."

கிருமிக்கு ஏது காது என்றேன்.

"காதுன்னு வச்சுக்கயேன். ஒரு கிருமி தனியா இருந்தா சும்மா கெடக்கும். ஆனா ஒவ்வொண்ணும் ஒரு சேதிய வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், நான் இருக்கேன், நான் இருக்கேன்னு. அந்தச் சேதி நாலா பக்கமும் நெறைஞ்சிட்டா, நாம கூட்டமா இருக்கோம்னு அதுகளுக்குத் தெரிஞ்சிரும். அப்பதான் எல்லாம் ஒண்ணாச் சேந்து வேலையில எறங்கும். சோத்த ஊசவைக்கிறது, நஞ்சு விடுறது எல்லாம் அப்பதான். களாச்சாறு இருந்தா ஒண்ணு விடுற சேதி இன்னொண்ணுக்குக் கேக்காது. லட்சம் கெடந்தாலும் நான் ஒத்தையாத்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு கெடக்கும்."

எங்கள் உப்பளத்திலும் அப்படித்தான் மேடம் என்றேன். குடிதண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்கப் போனால் எவரும் தனியாகப் போவதில்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வரப்பில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு அது எனக்கும் வேடிக்கைப் பேச்சுதான்.

களாச்சாறு தெளித்த சோற்றுப் பொட்டலம் நாற்பது டிகிரி வெயிலில் மூன்று நாள் கிடந்தாலும் ஊசாது. அறுநூறு பொட்டலம் முகர்ந்திருப்பேன். மூன்றாம் நாள் சோறு முதல் நாள் சோறு மாதிரியே மணந்தது. கெட்டுப்போகாததையே முகர்ந்துகொண்டிருப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சேர்ந்த ஐந்தாவது வருஷம், ஆட்களிடம் நடத்தும் முதல் சோதனைக்கான தாளில் கையெழுத்துப் போட்டேன். பொட்டலங்கள் எங்கள் ஊரான முள்ளக்காட்டு உப்பளத்துக்கே போயின. இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள், இரண்டு மாதம், தினமும் காலை பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம்.

முதல் மாதம் முடிந்ததும் மேனேஜர் கீர்த்திவாசன் ஒரு படிவத்தோடு வந்தார். சென்னைக்காரர், மரியாதையானவர், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். அந்தப் படிவம் ஏதோ ஒரு குளிர்நாட்டில் தயாரித்து, தமிழில் எழுதிக் கொண்டுவந்தது. இருபது கேள்விகள். பதினான்காவது கேள்வி இது: 'பொட்டலத்தில் சோறு மீந்ததா? மீந்ததை எடுத்து வைத்துப் பிறகு உண்டீர்களா?'

உப்பளத்துத் தகரக் கொட்டகையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து நான்தான் கேட்டேன், நான்தான் நிரப்பினேன். பதினான்காவது கேள்விக்கு ஒருவர் கூட ஆமாம் என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவதை எங்களுக்குள் யாரும் ஒளிப்பதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் கேட்டால் கதை வேறு. பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். முதல் பிள்ளை இட்லி என்று சொல்லும். அப்புறம் நாற்பது பேரும் இட்லிதான். மாவு ஆட்டுகிற வீடு எங்கள் குடியிருப்பு வரிசையில் மொத்தம் மூன்று. ஆனால் இட்லி தின்னாத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் இப்போது இந்த உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள்.

இருபத்தேழாவது ஆளாக வந்து உட்கார்ந்தவள் என் அக்கா சந்தனமாரி. மேனேஜர் அப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். அது என் அக்கா என்று அவருக்குத் தெரியும். பதின்மூன்று கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன். பதினான்காவதை நான் கேட்கவே இல்லை. 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டுப் பதினைந்துக்குப் போனேன். அக்கா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டவுனில் தனி அறை எடுத்துக்கொண்டு போன பிறகும் என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் பாதி நாள் பழைய சோறுதான் இருக்கும். அதைக் கூடத்தின் மாடிப்படிக்குப் பின்னால் போய்த்தான் திறப்பேன். அந்த வெட்கம்தான் அந்த டிக்கைப் போட்டது. வேறு காரணம் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை.

மே மாதத்தில் உப்பளத்தில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். உப்பு வாரும்போதே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். பத்து நாளில் எட்டுப் பேர். அவர்களில் சுடலைமணி அண்ணாச்சி, விழுந்த மூன்றாம் நாள் செத்துப்போனார். நாற்பத்து மூன்று டிகிரி, தலைக்கு மேல் ஒரு நிழல் கிடையாது, காலுக்குக் கீழே உப்பு கண்ணைக் கூசவைக்கும். வெயில் அடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே அவரை எரித்தாகிவிட்டது.

எட்டாவது ஆள் அக்காவின் கணவர், என் அத்தான் கொம்பையா. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்குக் கண் மஞ்சளாக இருந்தது, ஈரல் பாதித்திருக்கிறது என்றார்கள். வெயில் அடித்தால் ஈரல் எப்படிப் பாதிக்கும் என்று கேட்டதற்கு, வெயில் எல்லாவற்றையும் பாதிக்கும் என்று பதில் வந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான் காலம்பற என்னக்கா சாப்ட்டாவ?"

"என்னத்தச் சாப்ட்டாவ. எப்பவும் போலதான்."

"எப்பவும் போலன்னா?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஒங்க பொட்டலத்துல பாதிய மிச்சம் வச்சுக் கொண்டுட்டு வருவாவ. பொழுதடைய தண்ணி ஊத்தி வைப்பேன். காலம்பற தூக்குச்சட்டியில ஊத்திக் குடுத்து விடுவேன். எனக்கு ஒரு டீத்தண்ணி போதும். ஒனக்குத் தெரியாதாட்டி இது?"

தெரியும்.

வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். அடுக்களையில் முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சட்டியில், தூக்குச்சட்டியில் ஊற்றியது போக மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பழைய சோறு நன்றாக இருந்தால் ஒரு புளிப்பு வாசம் வரும். கெட்டிருந்தால் வேறு ஒரு வாடை வரும், அது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இந்தச் சட்டியில் இரண்டும் இல்லை. குழாயில் பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த சோறு புளிக்காமல் இருக்கிறதே என்று மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். நாற்றம் பிடித்தது எத்தனையோ முகர்ந்திருக்கிறேன், எதற்கும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன்.

சட்டியோடு கூடத்துக்குப் போனேன். டாக்டர் ஹெப்சிபா ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவர் அறைக்குக் கூப்பிட்டபோது மூக்குக் கண்ணாடி கையில் இருந்தது, துணியும் இருந்தது, துடைக்கத்தான் இல்லை.

"நஞ்சு இருக்கு. நெறைய இருக்கு" என்றார். "அரிசியிலயே இருக்குற கிருமிதான். வேக வச்சாலும் வெத மாதிரி ஒறங்கிட்டு, அப்பறம் முழிக்கும். பொட்டலத்துல அது பெருகுறத களா தடுக்கல, இசக்கி. பேச்சத்தான் நிறுத்துச்சு. இந்த மே வெயில்ல கெடந்து அது சில பொட்டலத்துல கோடி கோடியாப் பெருகியிருக்கு, ஒண்ணும் பேசாம. தண்ணி ஊத்துனதும் களா நீத்துப் போச்சு. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல காது கேட்டிருக்கு."

"வாடை ஏன் மேடம் வரல?"

"எப்பவும் புளிக்க வைக்கிற நல்ல கிருமிதான் மொதல்ல வந்து எடத்தப் பிடிக்கும், கெட்டத வரவிடாது. அதையும் நம்ம களா அடக்கி வச்சிருந்துச்சு. அதுக்கு மொறை வாரதுக்குள்ள ஒரே ராத்திரியில இது நஞ்ச விட்டுட்டு. பொட்டலமாவே இருந்தா ஒண்ணும் ஆகாது. தண்ணி ஊத்துனாதான்."

பிறகு அலமாரியிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் பதினான்காவது கேள்வியை மட்டும் பார்த்தார். எல்லாம் இல்லை. இருபத்தேழாவது தாளை நானே உருவி எடுத்துக் காட்டினேன். அக்காவிடம் கேட்காமலே டிக் அடித்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் நாசரேத்துல பொறந்தவ" என்றார். "பத்து வயசு வரைக்கும் எங்க வீட்லயும் இதான். அப்பறம் ஹாஸ்டல். இதச் சொல்லக் கூடாதுன்னு அங்க போன மொத நாளே படிச்சுக்கிட்டேன். இத்தன வருஷமும் சோத்த வச்சு இருக்குற சோதனை எல்லாம் பண்ணுனேன். சுட வச்சுப் பாத்தேன், ஐஸ்ல வச்சுப் பாத்தேன். தண்ணி ஊத்திப் பாக்கல. எனக்குத் தோணவே இல்லன்னு சொல்ல முடியல, இசக்கி. தோணியிருந்தாலும் இந்தக் கூடத்து மேசைக்கு முன்னால நின்னு அதச் சொல்லியிருக்க மாட்டேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள்கிழமை முதல் கடற்கரையோர ஏழு மாவட்டங்களுக்கும் தினம் அறுபதாயிரம் பொட்டலம் போவதாக இருந்தது. மீன்பிடித் துறைமுகம், செங்கல் சூளை, உப்பளம் என்று எங்கெல்லாம் வெயிலில் வேலையோ அங்கெல்லாம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மேனேஜரிடம் இரண்டு பேரும் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரு வீட்டில் ஒரு சட்டியை வைத்து அறுபதாயிரம் பேருக்கான சாப்பாட்டை நிறுத்த முடியாது என்றார். போன கோடையில் மட்டும் இந்தக் கடற்கரையில் ஊசிய சோறு தின்று செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார். அது பொய் இல்லை. பிரித்தவுடன் உண்ணவும் என்று பொட்டலத்திலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினார். பிறகு படிவங்களின் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இதையெல்லாம் நிரப்பினது நீங்கதானே, இசக்கி?"

நான்தான் என்றேன்.

கையெழுத்துப் போடாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வேறு மூக்கு வரும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை அவரே உப்பளத்துக்கு வருவார். நூறு பேர், தாங்கள் மிச்சம் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவதாக அவர் முன்னால் சொன்னால் திங்கள்கிழமை வண்டி புறப்படாது. நியாயமான பேச்சுதான். நூறு பேர் என்ன, இருநூறு பேர் கிடைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வியாழனும் வெள்ளியும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாங்கள் அப்பப்போ வடித்துச் சுடச் சுடத்தான் சாப்பிடுவோம் என்றார்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி, வாசல் பக்கம் இருந்த சட்டியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, என் கண்ணைப் பார்த்து அதையே சொன்னாள். இன்னொருவர், எங்களுக்கு வருகிற பொட்டலத்தை நிறுத்தத்தானே இந்த விசாரணை என்று கேட்டார். ஆபத்து என்று சொன்னேன், சுடலைமணி அண்ணாச்சி செத்தது இதனால்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். இனிமேல் ஊற்ற மாட்டோம் என்று கூட யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஊற்றுவதாக ஒத்துக்கொண்டால்தானே அதைச் சொல்ல முடியும்.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் போய் நின்றேன். நீயாவது வந்து சொல்லு என்றேன்.

"நான் சொன்னா ஊருல என்ன பேசுவாவ? புருசனுக்கு ஒரு வாய் சோறு வடிச்சுப் போட வக்கில்ல, பழசப் போட்டுக் கொல்லப் பாத்தான்னுதான் பேசுவாவ. நீதானட்டி இல்லைன்னு எழுதுன. எழுதுனது எழுதுனதா இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை, நானும் அதற்குப் போகவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பொட்டல வண்டி வந்தது, பின்னாலேயே மேனேஜர் காரும் வந்தது. வண்டியைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். தலையில் துண்டு, காலில் கிழிந்த ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை உப்பு. அக்கா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் நின்றாள். டாக்டர் ஹெப்சிபா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன். எப்படி நஞ்சாகிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பிறகு, மிச்சம் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. மேனேஜர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, வேறு எங்கே பார்ப்பார்.

அப்போது கூட்டத்தைக் கவனித்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார், அவர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். குடிதண்ணீர்த் தொட்டி கேட்கப் போகிற அன்று வரப்பில் நின்று பார்ப்பது போலவே பார்த்தார்கள். டாக்டர் ஐந்து வருஷத்துக்கு முன் சொன்னது எனக்கு அந்த வெயிலில்தான் புரிந்தது. நான் இவர்களைத் தகரக் கொட்டகைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும், வெள்ளைக் கோட்டிடம் ஒத்துக்கொண்டால் தான் ஒருவர் மட்டும்தான் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

என் தோள்பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். மேனேஜரின் கார் முன்பக்கத்தில் வைத்து மூடியைக் கழற்றினேன். என் அறையில் நான் வடித்து, நேற்றுத் தண்ணீர் ஊற்றிய சோறு. களா படாதது. புளிப்பு வாசம் அவர் வரைக்கும் போயிருக்கும். இரண்டு சின்ன வெங்காயமும் இருந்தன. வெள்ளைக் கோட்டோடு நின்று கையை விட்டு அள்ளி ஒரு வாய் தின்றேன்.

"இது என் மத்தியானச் சாப்பாடு" என்றேன். "அஞ்சு வருசமா மாடிப்படிக்குப் பின்னால போயி ஒளிஞ்சு தின்னுட்டு வாரேன். எங்க அக்கா வீட்லயும் இதான். அவகிட்ட நான் கேக்காமலே இல்லைன்னு எழுதுனேன். அது பொய்."

சொல்லிவிட்டு என் கையைத் தூக்கினேன், அதில் சோறு ஒட்டியிருந்தது.

கடைசி வரிசையில் அக்கா கை எழுந்தது. அவளுக்குப் பக்கத்தில் சுடலைமணி அண்ணாச்சியின் மகள் நின்றாள். அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் தூக்கினாள். மூன்றாவதாக யார், நான்காவதாக யார் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து வரைக்கும் தயங்கித் தயங்கித்தான் எழுந்தன. அதற்குப் பிறகு எண்ண நேரம் இல்லை, மொத்தமாக எழுந்துவிட்டன. சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்தவளும் தூக்கினாள், இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேனேஜர் திரும்பிப் பார்த்தபோது காருக்குப் பக்கத்தில் டாக்டர் ஹெப்சிபாவின் கையும் மேலே இருந்தது.

மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்தார். நல்ல மனிதர், சொன்ன சொல்லை மாற்றவில்லை. கையெழுத்துப் போடாத தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கள்கிழமை வண்டி போகாது என்றார். தீர்வும் அங்கேயே சொன்னார். பொட்டலத்தின் மேல் சிவப்பு எழுத்தில், தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று பெரிதாக அச்சடித்துவிடலாம், ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம்.

கூட்டம் தலையாட்டியது. அக்கா மட்டும் முன்னால் வந்தாள்.

"எழுதுங்க சார்" என்றாள். "நாங்க நாலு மணிக்கு அளத்துக்கு வரணும். மூணு மணிக்கு எந்திரிச்சு எவ அடுப்புப் பத்த வைப்பா? அதான் பாதிய மிச்சம் வைக்கோம். தண்ணி ஊத்தாதியன்னு எழுதுத எடத்துலயே, காலம்பற எதத் தின்னுட்டு வரணும்னும் எழுதிருங்க."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மறுபடி அதிலேயே செருகினார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை என்று அவருக்குத் தெரியும், இருபதையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அத்தான் பிழைத்துவிட்டார். இந்த உப்புக் காலம் முழுக்க அளத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா தனியாகத்தான் போகிறாள். என்னோடு பேசுகிறாள், முன்னைப் போல் இல்லை. அதற்கு நாளாகும்.

போன வாரம் புதுப் படிவம் தயாரானது. டாக்டர் ஹெப்சிபாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். பழைய பதினான்காவது கேள்வியை எடுத்துவிட்டோம். முதல் கேள்வியாக வேறு ஒன்றைப் போட்டோம்: இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? இந்த முறை தகரக் கொட்டகை வேண்டாம், எல்லாரையும் வரப்பில் ஒன்றாக உட்காரவைத்து, சத்தம் போட்டுக் கேட்டு, சத்தம் போட்டே பதில் வாங்குவது என்று முடிவு. படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் தாளை நானே நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், இசக்கியம்மாள். ஊர், முள்ளக்காடு. முதல் கேள்விக்கு வந்ததும் கை தானாக 'இ' என்று தொடங்கிவிட்டது. அதை அடித்துவிட்டு, பழைய சோறு என்று எழுதினேன்.